பெயர்ப்பட்டை உதிர்ந்த கால்குலேட்டருக்கு ஆதாரம் தேடியது

பேர்ணாம்பட்டிலிருந்து குடியாத்தம் வழியாக பஸ் ஏறி வந்த பெரியவர் ஒருவர், காட்பாடியில் என் கடை மேஜைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்தார். நான் இன்வெர்ட்டர், யூபிஎஸ் பழுது பார்ப்பவன். பழைய கால்குலேட்டர்களையும் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வருகிறேன் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, தோல்ஷாப்பு கணக்கெல்லாம் இதுலதான் போட்டோம். முதலாளி சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது. ரொம்ப வருஷமா அலமாரியில கிடக்கு. ஓடுமான்னு பாருங்க." தோல்ஷாப்பு என்று எங்கள் பக்கம் சொல்வது தோல் பதனிடும் தொழிற்சாலையை.

டப்பாவுக்குள் வேட்டித் துணியில் சுற்றியிருந்தது இயந்திரம். தந்த நிறப் பெட்டி, காப்பிக்கொட்டை நிறப் பொத்தான்கள், கரும்பச்சைக் கண்ணாடிச் சில்லு. பேட்டரி மூடி தொலைந்துபோய் அந்த இடத்தில் மருத்துவமனை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மேல் விளிம்பில் பெயர்ப்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு துளைகளும் காய்ந்த கோந்துக் கறையும் மட்டும். பின்பக்கத்து ஒட்டுத்தாளில் 'ஜப்பான்' என்பதும் '6 வோல்ட்' என்பதும் படிக்க முடிந்தன. மற்ற எழுத்தெல்லாம் கை வியர்வையில் தேய்ந்து போயிருந்தன.

பெயர் இருந்திருந்தால் பாதி வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். வோல்டேஜ் அளப்பது யாருக்கும் ஒரு நிமிட வேலை. அந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், அளந்து வந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 7 வோல்ட் வந்தால் அது சரியான 7-ஆ, 24 விழுந்து விழுந்து 7 ஆனதா? இதைச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். சர்க்யூட் படமோ, சர்வீஸ் தாளோ, குறைந்தபட்சம் அதே சர்க்யூட் போர்டு வைத்த இன்னொரு இயந்திரத்தின் விவரமோ. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அந்தக் காகிதத்தைத் தேடியதைப் பற்றித்தான் இருக்கும். சால்டர் வைத்த நேரம் மொத்தம் அரை மணிதான்.

முதல் நாள் பேட்டரி எதுவும் போடவில்லை. பழைய இயந்திரம் கையில் வந்ததும் நாலு பேட்டரியை மாட்டி சுவிட்சைத் தள்ளிப் பார்க்கத் தோன்றும். அந்த ஆசையால் நல்ல சிப்கள் செத்திருக்கின்றன. முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். பிறகு திருகு கழற்றினேன், மறுபடியும் போட்டோ. எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு அந்தப் படம்தான் முதல் ஆதாரம்.

பேட்டரி அறையில் ஒரு செல் அப்படியே இற்றுப் போய், ஸ்பிரிங் முழுக்க மயில்துத்த நிறத்தில் பூத்திருந்தது. அந்தக் காலத்துப் பென்சில் பேட்டரி பெரும்பாலும் துத்தநாகம், கார்பன் வகை. அதிலிருந்து கசிவது லேசான அமிலத்தன்மை கொண்டது. அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் போதும். இப்போது விற்கும் அல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டும், அது காரம். பலரும் இதை மாற்றிச் செய்து செம்புத் தடத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சோடாவுக்குப் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். மைனஸ் பக்கத்து ஒயரை லேசாக வளைத்தபோது நறநறவென்றது. பிளாஸ்டிக் உறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருந்தது. கசிவு விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஒயருக்குள்ளேயே ஏறி, போர்டு வரைக்கும் போயிருந்தது. முழு ஒயரையும் மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து போர்டு. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெயர் இல்லாத இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கேதான் எழுதியிருக்கும்.

நடுவில் ஒரு பெரிய சிப். இடது ஓரத்தில் பேட்டரி வோல்டேஜை உயர்த்தித் தரும் சுண்டைக்காய் அளவு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர், அதன் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (உள்ளே ஈரமான ரசாயனம் வைத்து மின்சாரத்தைத் தேக்கும் பாகம்). மேலே நீளமான கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒன்பது கட்டங்கள். இது எல்இடி கிடையாது, வெற்றிடக் குழாய் டிஸ்பிளே. தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று குழாயின் குறுக்கே ஓடும். அது சூடாகி எலக்ட்ரானை விடும். நடுவில் உள்ள வலை எந்தக் கட்டம் என்று தேர்ந்தெடுக்கும். கீழே பாஸ்பர் பூசிய துண்டுகள் நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். ஜப்பானில் இசே எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1967-ல் கண்டுபிடித்த முறை இது. எழுபதுகளில் ஜப்பானியக் கால்குலேட்டர்களில் பரவலாக இதைத்தான் பார்க்கலாம்.

சிப்பின் முதுகில் என்ஈசி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருந்தது. அதன்கீழ் 'டி' என்ற எழுத்து, 9 என்ற எண், நடுவில் தேய்ந்த இடம், கடைசியில் 'சி'. இதைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். என்ஈசி தன் சிப்களில் 'மியூபி' என்ற முன்னொட்டைப் பெரும்பாலும் அச்சிடாது. சிப்பில் 'டி' என்று இருந்தால், சிப்களின் விவரம் அச்சான டேட்டா புத்தகத்தில் 'மியூபிடி' என்று தேட வேண்டும். கடைசி 'சி' என்பது பிளாஸ்டிக் உறையைக் குறிக்கும். ஜப்பானிய டிரான்சிஸ்டரிலும் இதே கதைதான். உடம்பில் 'சி945' என்று இருந்தால் முழுப் பெயர் '2எஸ்சி945'. இது தெரியாமல் டேட்டா புத்தகத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மற்ற முன்னொட்டுகளும் மனப்பாடமாக இருந்தால் நல்லது. 'டிஎம்எஸ்', 'டிஎம்சி' என்றால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 'எச்டி' என்றால் ஹிட்டாச்சி, 'எம்எம்' என்றால் நேஷனல் செமிகண்டக்டர், 'எம்கே' என்றால் மோஸ்டெக்.

தேய்ந்த நடு எண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்து, சிப்பின்மேல் வாயால் ஒரு தடவை ஊத வேண்டும். ஆவி படிந்து விலகும் அந்த ஒரு நொடியில், மை இருந்த இடமும் இல்லாத இடமும் வேறுவேறாகத் தெரியும். ஏழெட்டு தடவை ஊதி, மொபைலில் வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்தேன். எண் முழுதாகப் புலப்பட்டது.

இன்னொன்றும் கிடைத்தது. பின் மூடியின் உட்புறத்தில் ஊதா மையில் வட்டமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப், தொழிற்சாலையில் பரிசோதித்தவர் குத்தியது. அதில் '50.4.17' என்று இருந்தது. முதலில் இதை ஏதோ பாக எண் என்று விட்டுவிட்டேன். 1950-ல் இப்படி ஒரு இயந்திரம் கிடையாது. இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது. ஜப்பானியர்கள் அரசர் ஆண்டுக் கணக்கில் தேதி போடுவார்கள். அப்போது நடந்த ஷோவா ஆட்சிக்காலத்தின் முதல் ஆண்டு 1926. அந்த ஆண்டு எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். ஐம்பது என்றால் 1975. ஆக, 1975 ஏப்ரல் 17. கையைக் கழுவிவிட்டு ஓடிப் போய் எழுதி வைத்தேன். பழைய ஜப்பானியப் பொருள் எது கையில் கிடைத்தாலும் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். 45-லிருந்து 55 வரை ஓர் எண் ஊதா மையில் இருந்தால் அது பெரும்பாலும் ஆண்டுதான்.

சிப்பும் ஆண்டும் கிடைத்துவிட்டன. இனிப் புத்தகம்.

கால்குலேட்டர் சேகரிப்பவர்களுக்கென்று கய் பால், புரூஸ் ஃபிளாம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1997-ல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் தேட பிராண்டு பெயர் வேண்டும். என்னிடம் இருந்ததோ இரண்டு துளையும் கோந்தும். அடுத்து காப்புரிமை ஆவணங்கள். இதைப் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எழுபதுகளின் கால்குலேட்டர் காப்புரிமைகளில் பக்கம் பக்கமாக சர்க்யூட் படம் இருக்கும். சிலவற்றில் சிப்புக்குள் இருக்கும் நிரல்கூட வரி வரியாக அச்சாகியிருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பியும் அவரோடு மெரிமேன், வான் டாசெல் இருவரும் 1967-ல் செய்த முதல் கையடக்க மாதிரியின் காப்புரிமை 1974-ல் வழங்கப்பட்டது, எண் 38,19,921. இந்தத் துறையில் ஒருவர் ஒரே ஒரு காப்புரிமையைத்தான் படிப்பார் என்றால் அதைப் படிக்கச் சொல்வேன். படங்கள் அவ்வளவு தெளிவு. என் இயந்திரத்துக்கு அதிலிருந்து நேரடியாக எதுவும் கிடைக்கவில்லை.

கிட் கையேடுகள் இன்னொரு சுரங்கம். சின்க்ளேர் நிறுவனம் 1973-ல் கேம்பிரிட்ஜ் என்ற கால்குலேட்டரைத் தனித்தனி பாகமாகவும் விற்றது. வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைத்துக்கொள்ளலாம். ஹீத்கிட்டும் அப்படித்தான். பாகமாக விற்றால் சர்க்யூட் படத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். முழுதாக விற்கும் கம்பெனி தரத் தயங்கும் விவரம் எல்லாம் அந்தக் கையேட்டில் இருக்கும். ஒரு கால்குலேட்டருக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது, பொத்தான் வரிசையை சிப் எப்படி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது என்று கற்றுக்கொள்ள இவற்றைவிட நல்ல பாடம் இல்லை.

எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போய், பழைய செமிகண்டக்டர் டேட்டா புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கடை கடையாகக் கேட்டேன். ஒரே ஒரு இடத்தில் மாடிப்படிக்குக் கீழே நாலைந்து கிடைத்தன. டிரான்சிஸ்டர் பட்டியல் உபயோகப்பட்டது. கால்குலேட்டர் சிப் எதுவும் அதில் இல்லை. இந்த வகை சிப்களைத் தயாரிப்பாளர்கள் பொதுச் சந்தைக்கு விற்காமல் கால்குலேட்டர் கம்பெனிகளுக்கு மொத்தமாகத்தான் கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்றும் அதே மாதம் நடந்தது. காட்பாடி காந்தி நகரில் ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர் ஹியூலெட்-பேக்கார்டு (எச்பி) நிறுவனத்தின் எச்பி-25 கால்குலேட்டரைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் சீரியல் எண் '1543ஏ' என்று தொடங்கியது. எச்பியில் முதல் இரண்டு இலக்கத்தோடு 60 கூட்டினால் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம், எழுத்து நாடு. ஆக, 1975-ஆம் ஆண்டின் 43-ஆம் வாரம், அமெரிக்காவில் செய்தது. 'எஸ்' என்றிருந்தால் சிங்கப்பூர், 'பி' என்றிருந்தால் பிரேசில். ஒட்டுத்தாளைப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடலாம். அதன் கையேடு, சர்வீஸ் விவரம் எல்லாம் ஸ்கேன் பிரதியாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய எச்பி-35 வந்தபோது அதைச் செய்தவர்களே எச்பி ஜர்னலின் 1972 ஜூன் இதழில் உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டுரை எழுதினார்கள். அது இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு நிறுவனம் தன் காகிதங்களைக் காப்பாற்றினால் ஐம்பது வருடம் கழித்து ஒரு மெக்கானிக்குக்கு எவ்வளவு சௌகரியம் என்பதை அந்த வாரம் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

அந்த எச்பி-25-க்கு வேறு விதத்தில் கையேடு அவசியம். அதில் சமம் பொத்தானே கிடையாது. இரண்டும் மூன்றும் கூட்ட, 2 அடித்து 'என்டர்' தட்டி, 3 அடித்து, கடைசியில் கூட்டல் அழுத்த வேண்டும். வீட்டில் இருந்தவர்கள் அது கெட்டுப் போய்விட்டதாகவே இருபது வருடமாக நினைத்திருக்கிறார்கள். இன்னொரு எச்சரிக்கையும் கையேட்டைப் படித்தவருக்குத்தான் தெரியும். உள்ளே பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஓட்டினால் அதன் சர்க்யூட் பாழாகும். நல்லவேளை, அவர்கள் வீட்டில் சார்ஜரே தொலைந்துவிட்டது.

மறுபடியும் பேர்ணாம்பட்டு இயந்திரம். புத்தகங்களில் கதவு அடைத்துக்கொண்டதும் பெரியவருக்கே போன் செய்தேன். "ஐயா, இதோட வந்த தாள் எதுவும் வீட்ல இருக்கா? பில், அட்டை, எதுவா இருந்தாலும் சரி." அவர் யோசித்துவிட்டு, பழைய பேரேடுகள் பரண்மேல் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். பேரேடுகள் மொத்தம் பதினொன்று, சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் செல் அரித்தவை. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி வரும்போதே பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தார். பதம் பாதி முடிந்த தோலை எடைக் கணக்கில் விற்ற காலம் போய், முழுதாக முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கும் காலம் வந்தபோது, தசமப் புள்ளிப் பெருக்கல் தினமும் நூற்றுக்கணக்கில் வந்ததாம். எழுபதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசு கச்சாத்தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதப்படுத்திய தோலுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல்ஷாப்புகள் முழுமையாக முடித்த தோலுக்கு மாறத் தொடங்கியது அப்போதுதான். இந்தச் சின்னப் பெட்டி எதற்காகக் கடல் தாண்டி வந்தது என்பது எனக்கு அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது.

ஏழாவது பேரேட்டின் நடுவில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கட்டிய சுங்கவரி ரசீது. பொருள் பெயர், 'எலக்ட்ரானிக் கால்குலேட்டர், ஒன்று, ஜப்பான்' என்று கையெழுத்தில். தேதி 1975 ஆகஸ்ட். பிராண்டு எழுதவில்லை. ஆனால் ஏப்ரலில் பரிசோதித்த பெட்டி ஆகஸ்டில் சென்னை வந்திறங்கியது பொருந்தியது. ஊதா ஸ்டாம்பை நான் படித்த விதம் சரிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொன்று, நாலாக மடித்த உபயோகக் குறிப்புத் தாள். மேல் பாதி கறையானுக்குப் போய்விட்டது. மீதிப் பாதியில் நினைவகப் பொத்தான்களின் விளக்கமும் அடாப்டர் படமும் இருந்தன. அடாப்டர் முனையின் நடுப்பகுதி மைனஸ் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அந்தக் கால ஜப்பானிய இயந்திரங்களில் இது அடிக்கடி உண்டு. இப்போது கடையில் வாங்கும் அடாப்டரில் நடு பெரும்பாலும் பிளஸ். பார்க்காமல் மாட்டினால் அதோடு முடிந்தது.

பழைய தாளுக்குத் தேதி இல்லாவிட்டால் நம் ஊர் முகவரியே தேதி சொல்லும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆகவே பின்கோடு அச்சான பில் அதற்குப் பிந்தையது. வெறுமனே 'வட ஆற்காடு மாவட்டம்' என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1989-க்கு முந்தையது. அந்த வருடம்தான் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிரிந்து, நம்முடையது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. பழைய அச்சுக் கட்டையைத் தீரும்வரை ஓட்டிய கடைகளும் உண்டு என்பதால் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப் பார்க்க வேண்டும். என் சேகரிப்பில் இருக்கும் இன்னும் மூன்று இயந்திரங்களுக்கு இந்த முறையில்தான் காலம் குறித்தேன்.

பொத்தான் விளக்கம் கிடைத்ததால் தேடலை மாற்றிக்கொண்டேன். பிராண்டை மறந்துவிட்டு, 'இந்த சிப், இந்தப் பொத்தான் வரிசை, ஒன்பது கட்டக் குழாய், 6 வோல்ட்' என்று நாலு அடையாளத்தையும் சேர்த்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எடுத்துப் போட்ட போர்டு படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அந்தக் காலத்தில் ஒரே போர்டு பத்துப் பெயரில் விற்கும். ஜெர்மனியின் குவெல்லே என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் வேறு தொழிற்சாலைகளில் செய்ததை பிரிவிலெக் என்று பெயர் போட்டு விற்றது. அமெரிக்காவில் மான்ட்கோமரி வார்டு போன்ற கடைகளும் தங்கள் பெயர் போட்டு விற்றன. எனவே வெளிப்பெட்டியைப் பார்த்துத் தேடுவதைவிட உள்போர்டைப் பார்த்துத் தேடுவதே நல்லது. பத்தொன்பது இரவு பிடித்தது. கடைசியில் வேறு பெட்டி, வேறு பெயர், ஆனால் அச்சு அசலாக அதே போர்டு. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடம், சிப்புக்குக் கீழே ஓடும் வளைந்த ஜம்பர் ஒயர், எல்லாம் ஒன்று. அந்த உடன்பிறப்புக்கு ஒரு பக்க சர்வீஸ் தாள் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. நான் தேடிய எண் அதில் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், சிப்புக்கும் குழாய்க்கும் போகும் இடத்தில் மைனஸ் 24 வோல்ட்.

இனி வேலை மளமளவென்று போனது. இற்ற ஒயரை மாற்றினேன். பென்ச் சப்ளையை (வோல்டேஜையும் கரண்டையும் வேண்டிய அளவுக்குள் வைக்கும் மேஜை மின்சப்ளை) 6 வோல்ட், 150 மில்லியாம்பியர் கட்டுப்பாட்டில் வைத்து இணைத்தேன். கடை விளக்கை அணைத்துப் பார்த்தபோது குழாயின் குறுக்கே கம்பி மங்கிய சிவப்பில் தெரிந்தது. முன்னமே மல்டிமீட்டரில் அது 22 ஓம் காட்டியதால் அறுபடவில்லை என்று தெரியும். எண்கள் மட்டும் வரவில்லை. சர்வீஸ் தாள் சொன்ன இடத்தில் அளந்தேன். மைனஸ் 7. பதினேழு வோல்ட் குறைகிறது. தாள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 7-ஐப் பார்த்து சிப்பைச் சந்தேகப்பட்டிருப்பேன். இப்போது சந்தேகம் நேராக இரண்டு கெப்பாசிட்டர்மேல் விழுந்தது. எங்கள் ஊர் வெயிலில் பரண்மேல் கிடந்தால் எலக்ட்ரோலிட்டிக் காயாமல் என்ன செய்யும்? இரண்டையும் கழற்றி அளந்தேன். 10 மைக்ரோபேரட் என்று எழுதியிருந்தது 0.6 காட்டியது. அதே மதிப்பில், 50 வோல்ட் தாங்கும் புதியதை வைத்தேன். பிளஸ் எந்தப் பக்கம் என்பதை முதல் நாள் போட்டோவில் இரண்டு தடவை சரிபார்த்தேன். இங்கே கிரவுண்டுக்குக் கீழே மைனஸ் வோல்டேஜ் ஓடுவதால், பழக்கத்தில் மைனஸ் காலை கிரவுண்டில் வைத்துவிடுவோம். அது வெடிக்கும்.

சுவிட்சைத் தள்ளினேன். வலது ஓரத்தில் ஒரு பூஜ்யம், பசும் நீலத்தில். மீட்டரில் மைனஸ் 23.6.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அடுத்து வருபவருக்கான தாளைத் தயாரித்தேன். இதைச் செய்யாமல் பெட்டியை மூடுவது எனக்குப் பிடிக்காது. சிப்பின் ஒவ்வொரு காலிலும் உள்ள வோல்டேஜ், இயங்கும்போது இழுக்கும் மின்சாரம், செம்புத் தடத்தைத் தொடர்ந்து கையால் வரைந்த சர்க்யூட், இருபக்கப் போட்டோ. அதோடு இயந்திரத்தின் நடத்தை. 1-ஐ 3-ஆல் வகுத்து மறுபடி 3-ஆல் பெருக்கினால் என்ன வருகிறது, பூஜ்யத்தால் வகுத்தால் எந்தக் குறி எரிகிறது, சமம் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் எந்த எண் நிலையாக நிற்கிறது, பூஜ்யம் முழு உயரமா அரை உயரமா. பழைய காசியோக்கள் சிலவற்றில் பூஜ்யம் கீழ்ப்பாதியில் மட்டும் குட்டியாக எரியும். இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள் கைரேகை மாதிரி. பெயர்ப்பட்டை உதிரலாம், பெட்டி மாறலாம், சிப்பின் நடத்தை மாறாது. எச்பி-35-இன் ஆரம்ப இயந்திரங்களில் 2.02-க்கு லாகரிதம் எடுத்து மறுபடி அடுக்கேற்றினால் 2 மட்டும் வரும். அந்த ஒரு தவறை வைத்தே அது முதல் தொகுப்பு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்திய இயந்திரங்களுக்கு இப்படித் தாள் தயாரிக்க எனக்குப் பெரிய ஆசை இருக்கிறது. எழுபதுகளில் டெல்லியின் டிசிஎம் நிறுவனம் இங்கே கால்குலேட்டர் செய்தது. அதிலிருந்து வெளியே வந்த ஷிவ் நாடாரும் நண்பர்களும் எச்சிஎல் தொடங்குவதற்கு முன் மைக்ரோகாம்ப் என்ற பெயரில் விற்றதும் கால்குலேட்டர்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு விதை போட்ட பொருள். அவற்றின் கையேடுகள் நம் வீட்டுப் பரண்களிலும், பழைய அலுவலக அலமாரிகளிலும், காயலான் கடை மூட்டைகளிலும்தான் இருக்கும். பரண் சுத்தம் செய்யும்போது இயந்திரத்தை வைத்துக்கொண்டு காகிதத்தைப் போட்டுவிடாதீர்கள். நான் வேண்டுவது முதலில் காகிதத்தைத்தான். கரையான் அரித்த பாதித் தாள் என்றாலும் சரி.

பெரியவர் மறு வாரம் வந்தார். கையில் அந்த ஏழாவது பேரேடு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். 412.75 சதுர அடி, அடி ஒன்றுக்கு 6.35 ரூபாய். பேரேட்டில் கையெழுத்தில் இருந்த தொகை 2,620.96. அவர் மோதிர விரலால் பொத்தானை அழுத்தும் வேகத்தைப் பார்த்தால் நேற்றுவரை அலுவலகம் போனவர் மாதிரி இருந்தது. திரையில் 2621.1212.

"பதினாறு காசு ஜாஸ்தி காட்டுது தம்பி" என்றார், நான் பார்ப்பதற்குள்.

நிதானமாக மறுபடி அடிக்கச் சொல்லி, எண்கள் விழுவதைக் கவனித்தேன். ஏழு ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுந்தது. 412.75 என்பது 412.775 ஆகியிருந்தது. அழித்துவிட்டு, ஏழை மட்டும் நகத்தால் லேசாகத் தொட்டு அடித்தார். 2620.9625.

அவர் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை மறுபடி வேட்டித் துணியில் சுற்றி என் பக்கம் தள்ளினார். ஏழாம் பொத்தானுக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றி ஆல்கஹாலில் கழுவ வேண்டும். வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.